எந்தப் பக்கம்? – கருத்துப்படங்கள் பற்றி ஒரு பாடம்



‘மேப்’ என்றதும் நமக்கெல்லாம் என்ன ஞாபகம் வரும்? பத்தாம் வகுப்புப் பரீட்சையின் கடைசிப் பத்து நிமிஷம்தான். இந்தியாவின் வெறும் கோட்டுப்படத்தில் கரையோரமாக நீலப் பென்சிலைத் தேய்த்து, கங்கையை ஒரு இழுப்பு இழுத்து, சோட்டா நாகபுரியைக் குத்துமதிப்பாக ஓர் இடத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தோம். பாலிடெக்னிக்கில் சேர்ந்த பிறகு செயின், காம்பஸ், பிளேன் டேபிள் என்று வெயிலில் நின்று ஒரு படம் போட்டோம். முதல் படம் மார்க்குக்கு, இரண்டாவது படம் ரெக்கார்டு நோட்டுக்கு. அத்தோடு மேப்புக்கும் நமக்கும் உள்ள உறவு முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

முடியவில்லை. மூன்றாவதாக ஒரு வகைப் படம் இருக்கிறது. அதைத்தான் ‘கருத்துப்படம்’ என்கிறார்கள். ஆங்கிலப் பெயர் தீமாட்டிக் மேப். உலகத்தைப் புரிந்துகொள்ள புவியியல் அறிஞர்கள் கையில் எடுக்கிற முக்கியமான கருவி அது. சிவகாசிக்கும் விருதுநகருக்கும் இடையில் இருக்கிற எங்கள் ஆனைக்குட்டத்தில், எங்கள் வீட்டுச் சுவரில் அப்படி ஒரு படம் ஒட்டியிருக்கிறது. அது எப்படி வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பாடம்.

ஒரு படம், ஒரு கேள்வி

சர்வே ஆஃப் இந்தியா போடுகிற டோப்போஷீட்டைப் பார்த்திருப்பீர்கள். ரோடு, ரயில், கண்மாய், கோயில், மின்கம்பி, மேடு பள்ளம் எல்லாம் அதில் உண்டு. 1:50,000 அளவில் படத்தில் 2 சென்டிமீட்டர் என்றால் தரையில் 1 கிலோமீட்டர். 1802-ல் சென்னை பரங்கிமலைப் பக்கம் லாம்டன் அளந்த அடிக்கோட்டிலிருந்து தொடங்கிய மாபெரும் முக்கோண அளவையின் வாரிசு அது. ‘எது எங்கே இருக்கிறது?’ என்று கேட்டால் அந்தப் படம் பதில் சொல்லும்.

கருத்துப்படம் அப்படியில்லை. அது ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளும். மழை என்றால் மழை மட்டும், மக்கள்தொகை என்றால் மக்கள்தொகை மட்டும். ‘இந்த விஷயம் எங்கே அதிகம், எங்கே குறைவு, ஏன் அப்படி?’ என்பதுதான் அதன் கேள்வி. ரோடும் ஆறும் எல்லைக்கோடும் அடையாளத்துக்காக லேசாக இருக்கும், அவ்வளவுதான்.

எட்மண்ட் ஹாலி என்றால் வால்நட்சத்திரம்தான் நமக்குத் தெரியும். அவரே 1686-ல் கடற்காற்று வீசும் திசைகளைப் படமாகப் போட்டவர். 1817-ல் ஹம்போல்ட் ஒரே வெப்பநிலை உள்ள இடங்களைக் கோட்டால் இணைத்தார். 1826-ல் பிரான்சில் சார்லஸ் துபான் என்பவர், எந்த மாகாணத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், எங்கே போகவில்லை என்பதைக் கறுப்பின் அழுத்தத்தால் காட்டினார்.

நம் நாட்டிலும் இந்த வேலை பின்தங்கிவிடவில்லை. சென்னையில் 1926-லேயே புவியியல் சங்கம் ஏற்பட்டது. 1956-ல் கல்கத்தாவில் பேராசிரியர் எஸ்.பி. சட்டர்ஜியின் தலைமையில் தேசிய அட்லஸ் நிறுவனம் தொடங்கி, மறு வருஷமே இந்தியில் முதல் தேசிய அட்லஸை வெளியிட்டது. 1978-ல் ‘கருத்துப்படம்’ என்ற சொல்லும் அதன் பெயரில் சேர்ந்தது. ‘நாட்மோ’ என்று சுருக்கமாகச் சொல்கிற நிறுவனம் அதுதான். கருத்துப்படம் போடுவதற்கென்றே ஓர் அரசு நிறுவனம் இருக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஐந்து வகை, ஐந்து ஜாக்கிரதை

கருத்துப்படத்தில் முக்கியமான வகைகள் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் நம் மாவட்டத்திலேயே உதாரணம் பார்ப்போம். ஒவ்வொன்றும் எங்கே ஏமாற்றும் என்பதையும் சேர்த்தே பார்ப்போம்.

ஒன்று, நிறச்செறிவுப் படம். இதற்குக் கோரோப்ளெத் என்று பெயர். மாவட்டமோ தாலுகாவோ, ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எண். எண் கூடக் கூட நிறம் அழுத்தமாகும். 2011 கணக்கெடுப்பின்படி விருதுநகர் மாவட்ட மக்கள்தொகை 19,42,288. பரப்பு 4,241 சதுர கிலோமீட்டர். வகுத்தால் சதுர கிலோமீட்டருக்கு 458 பேர். படத்தில் மாவட்டம் முழுக்க ஒரே நிறம் பூசிவிடலாம்.

ஆனால் அந்த நிறம் மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காட்டின் மேலும் சேர்ந்துதானே விழுகிறது? சாம்பல் நிற அணில் சரணாலயத்தில் சதுர கிலோமீட்டருக்கு 458 பேரா குடியிருக்கிறார்கள்? ஒரு பேச்சுக்கு 400 சதுர கிலோமீட்டரைக் காடு என்று கழித்துவிட்டு மறுபடி வகுத்துப் பாருங்கள். மிச்ச இடத்தில் 505-க்கு மேல் வருகிறது. சராசரி பொய் சொல்லவில்லை. ஆனால் ஆள் இல்லாத இடத்தில் ஆளை உட்கார வைத்துவிட்டது.

இன்னொரு வில்லங்கம், வகுப்பு பிரிப்பது. அதே 2011-ல் சென்னையில் சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர். இரண்டாம் இடத்தில் இருந்த கன்னியாகுமரிக்கு 1,111 தான். பூஜ்யத்திலிருந்து 26,553 வரை சமமாக ஐந்து கூறு போட்டால் ஒரு கூறு சுமார் 5,300. என்ன ஆகும்? சென்னை மட்டும் கன்னங்கரேல். அன்றிருந்த மற்ற 31 மாவட்டமும் ஒரே வெளிறிய நிறம்! கன்னியாகுமரியும் நீலகிரியும் ஒன்று போலவே தெரியும். அதே எண்கள்தான், கூறு போட்ட விதம் மட்டும்தான் வேறு. ஆகவே படத்தைப் பார்க்கும் முன் மூலையில் இருக்கிற நிறக்குறிப்பைப் பாருங்கள். ஏமாற்றம் இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இரண்டு, விகித வட்டப் படம். மொத்த எண்ணிக்கையைக் காட்ட இதுதான் ஏற்றது. ராஜபாளையம் நகராட்சியில் 2011-ல் 1,30,442 பேர், சிவகாசியில் 71,040 பேர். சிவகாசி மாநகராட்சியானதெல்லாம் 2021-ல். இரண்டு ஊருக்கும் வட்டம் போடவேண்டும். ராஜபாளையம் 1.84 மடங்கு என்பதற்காக ஆரத்தையும் 1.84 மடங்காக்கினால் தப்பு. கண் பார்ப்பது வட்டத்தின் பரப்பை. எனவே வர்க்கமூலம் எடுத்து ஆரத்தைச் சுமார் 1.35 மடங்கு வைக்கவேண்டும். பத்திரிகையில் வருகிற வட்டப் படங்களை இனி காம்பஸ் வைத்துச் சோதித்துப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும்.

மூன்று, சமக்கோட்டுப் படம். சிவில்காரர்களுக்கு இது பழக்கம். ஒரே அளவு மழை பெய்யும் இடங்களை இணைத்தால் சம மழைக்கோடு. மழைமானி எல்லா ஊரிலும் இருக்காது. ஒரு மானியில் 600 மில்லிமீட்டர், 30 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு மானியில் 900 என்று வைத்துக்கொள்வோம். 700 கோடு எங்கே போகும்? முதல் மானியிலிருந்து 10 கிலோமீட்டரில். இது சீராக ஏறுகிறது என்ற ஊகம். நடுவில் மலை வந்தால் ஊகம் உடையும்.

எங்கள் ஊருக்கு இது வெறும் கணக்கில்லை. நம் மாவட்டத்துக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில்தான். ஆனைக்குட்டம் நீர்த்தேக்கம் அர்ச்சுனா நதியில் இருக்கிறது. விருதுநகருக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற தேக்கம். அந்த நதி மேற்கே மலையடிவாரத்தில் பிறந்து, எங்களைத் தாண்டி கோல்வார்பட்டி போய், இருக்கன்குடியில் வைப்பாற்றோடு சேர்கிறது. எங்கள் தலைக்கு மேல் பெய்கிற மழையை மட்டும் அளந்து தேக்கம் நிறையுமா என்று சொல்லமுடியாது. மலையில் என்ன பெய்தது என்பதுதான் சங்கதி. மாவட்டச் சராசரி இந்த இரண்டையும் ஒன்றாகக் கலக்கிவிடும். சமக்கோட்டுப் படம் பிரித்துக் காட்டும்.

நான்கு, ஓட்டப் படம். எங்கிருந்து எங்கே, எவ்வளவு போகிறது என்பதைக் கோட்டின் தடிமனால் காட்டுவது. இதில் பேர்போனது பிரான்சு நாட்டு எஞ்சினியர் மினார் 1869-ல் போட்ட படம். 1812-ல் ரஷ்யாவின் மேல் படையெடுத்த நெப்போலியன் சேனை 4,22,000 பேர். படத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்றால் 10,000 ஆள். பட்டையாகக் கிளம்பும் கோடு மெலிந்து மெலிந்து, திரும்பி வரும்போது நூல் மாதிரி 10,000 ஆகிவிடுகிறது. ஒரு வார்த்தை இல்லாமல் ஒரு யுத்தத்தின் கதை! மினார் நம்மைப் போல ரோடும் பாலமும் படித்த ஆள் என்பதைக் கவனியுங்கள்.

ஐந்து, புள்ளிப் படம். ஒரு புள்ளி ஒரு ஆள், அல்லது ஒரு புள்ளி நூறு ஆள். பார்க்க ரொம்பச் சுலபமான படம். போடுவதற்கு முன் ரொம்ப யோசிக்கவேண்டிய படமும் இதுதான். புள்ளியை எங்கே வைப்பது என்பதே பெரிய கேள்வி. அதற்கு ஒரு கதை உண்டு.

லண்டனில் ஒரு பம்பு

1854 ஆகஸ்ட் 31. லண்டன் சோஹோ பகுதியில் பிராட் தெருவைச் சுற்றிக் காலரா வெடித்தது. பத்தே நாளில் ஐந்நூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். கெட்ட காற்றால் வருகிறது என்பது அன்றைய டாக்டர்களில் பெரும்பாலோர் நம்பிக்கை. ஜான் ஸ்நோ என்ற டாக்டர் மட்டும், தண்ணீரில் வருகிறது என்று சில வருஷமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பேச்சைக் கேட்டு, செப்டம்பர் 8-ம் தேதி பிராட் தெருப் பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள்.

பின்னால் அவர் ஒரு படம் வெளியிட்டார். செத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு கறுப்புக் கோடு, அவர் குடியிருந்த வீட்டு வாசலில். சுற்றுவட்டாரப் பம்புகளையும் குறித்தார். கறுப்பெல்லாம் பிராட் தெருப் பம்பைச் சுற்றி அப்பிக்கொண்டு நின்றது.

இந்தக் கதையை எல்லாரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். படத்தைப் பார்த்தார், பம்பைக் கண்டுபிடித்தார் என்று. நடந்தது அப்படியில்லை. படம் வருமுன்பே பம்பு மேல் அவருக்குச் சந்தேகம் இருந்தது. படத்தை வைத்துக்கொண்டு அவர் செய்த வேலைதான் பெரிது. ‘இங்கே ஏன் புள்ளி இல்லை? அங்கே ஏன் தனியாக ஒரு புள்ளி?’ என்று கேட்டார்.

பம்புக்குப் பக்கத்திலேயே ஒரு பீர் தொழிற்சாலை. அங்கே காலராவில் செத்தவர் யாருமில்லை. போய் விசாரித்தால், தொழிலாளிகள் குடித்தது பீர், பம்புத் தண்ணீர் இல்லை. பக்கத்தில் ஓர் ஏழைகள் விடுதி, ஐந்நூறு பேருக்கு மேல் இருந்தார்கள், செத்தது ஐந்தே பேர். அவர்களுக்குச் சொந்தக் கிணறு இருந்தது. சில மைல் தள்ளி ஹாம்ஸ்டெட்டில் ஒரு விதவை அம்மா இறந்திருந்தார். அவருக்குப் பிராட் தெருத் தண்ணீர்தான் பிடிக்கும் என்று தினமும் வண்டியில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள்!

இதில் நமக்கு இரண்டு பாடம். படம் கேள்வி கேட்கும், பதிலை நாம்தான் நடந்து போய் விசாரிக்கவேண்டும். கூட்டமாக இருக்கிற புள்ளிகளைவிடத் தனியாக நிற்கிற புள்ளி சில சமயம் அதிகம் சொல்லும்.

ஒன்றின் மேல் ஒன்று

டிராயிங் ஹாலில் டிரேசிங் பேப்பர் வைத்து வேலை செய்தவர்களுக்கு இந்த வித்தை சுலபம். ஒரு டிரேசிங் பேப்பரில் மழைப் படம். இன்னொன்றில் மண் படம். மூன்றாவதில் தொழிற்சாலைப் படம். மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் எது எதோடு பொருந்துகிறது என்று தெரியும். இன்று கம்ப்யூட்டரில் ஜி.ஐ.எஸ். செய்வதும் இதையேதான். அங்கே டிரேசிங் பேப்பருக்குப் பெயர் ‘லேயர்’.

நம் பக்கத்துக்குப் போட்டுப் பாருங்கள். மழை குறைவு, வெயில் அதிகம், வானம் பார்த்த கரிசல். அதன் மேல் தீப்பெட்டியும் பட்டாசும். பொருந்துகிறது. மருந்தும் திரியும் காய வெயில் வேண்டும். விவசாயம் கைவிட்ட கைகளுக்கு வேலை வேண்டும். ஆகா, காரணம் கிடைத்துவிட்டது என்று எழுதிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். வெயிலும் வறட்சியும் ராமநாதபுரத்துக்கும் உண்டு, தமிழ்நாட்டில் இன்னும் எத்தனையோ இடத்துக்கு உண்டு. அங்கெல்லாம் ஏன் பட்டாசு இல்லை? இதற்கு மழைப் படத்தில் பதில் இல்லை. 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு வந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டவேண்டும் என்பதில் அச்சுத் தொழில் வளர்ந்தது. வெயில் இடம் கொடுத்தது, ஆனால் தொழிலைக் கொண்டுவந்தது மனிதர்கள். இரண்டு படம் பொருந்துவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. நல்ல புவியியல் மாணவன் அங்கே நின்று யோசிப்பான்.

எங்கள் வீட்டுச் சுவர்

இப்போது நான் சொல்வதாகச் சொன்ன கதை.

எங்கள் அக்கா பட்டாசு ஆபீஸுக்கு வேலைக்குப் போகிறவள். எங்கள் பக்கம் தொழிற்சாலை என்று சொல்லமாட்டோம், ஆபீஸ் என்றுதான் சொல்லுவோம். காலையில் வேன் வந்து ஹாரன் அடிக்கும். தூக்குவாளியோடு ஓடுவாள். சாயங்காலம் கையெல்லாம் மருந்து மினுக்கத்தோடு வருவாள். என் பரீட்சை பீஸில் பாதி அந்தக் கை கட்டியது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தூரத்தில் ‘டம்’ என்று பெரிய சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்துவிடுவோம். எல்லார் வாயிலும் ஒரே கேள்வி: “எந்தப் பக்கம்?” புகை தெரிகிறதா என்று நாலு திசையும் பார்ப்போம். டெஸ்டிங் சத்தமாகவும் இருக்கும், கல்குவாரி வெடியாகவும் இருக்கும். ஆனால் தெரிகிற வரைக்கும் உயிர் கையில் இருக்காது.

முதல் வருஷ லீவில் எனக்கு ஒரு யோசனை வந்தது. நம் மாவட்டத்துப் பட்டாசு விபத்துகளை எல்லாம் பழைய பேப்பர் பார்த்துப் புள்ளிப் படமாகப் போடுவோம் என்று. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி, 35 பேருக்கு மேல் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12-ல் அச்சன்குளம், 20 பேருக்கு மேல். இப்படித் தேதி பார்த்துத் தேதி பார்த்துச் சிவப்புப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். அக்கா பின்னால் நின்று பார்த்தாள்.

“என்னடா தம்பி இது?”

“வெடிச்ச இடமெல்லாம்க்கா.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள். “வெடிச்ச இடத்துல புள்ளி வச்சு என்ன பிரயோசனம்? அங்க யாருடா இருக்கா? அது பொட்டக்காடு. செத்தவுக வீடு வேற எங்கயோல்ல இருக்கு.”

எனக்கு சுரீர் என்றது. ஜான் ஸ்நோ செய்ததைத்தான் அக்கா சொல்கிறாள்! அவர் கோட்டைப் பம்படியில் போடவில்லை, செத்தவர் வீட்டு வாசலில் போட்டார். பட்டாசு ஆபீஸ்கள் சட்டப்படி ஊரைவிட்டுத் தள்ளித்தான் இருக்கும். வேலைக்குப் போகிறவர்கள் பல ஊர்களிலிருந்து வேனிலும் பஸ்ஸிலும் போகிறார்கள். முதலிப்பட்டியில் செத்தவர்களில் பலர் அங்கே வேலை பார்த்தவர்களே இல்லை. புகையைப் பார்த்துக் காப்பாற்றப் போனவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அடுத்த வெடிப்பில் சிக்கினார்கள். விபத்து நடந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தால் அது ஒரு விபத்து. வீட்டு வாசல்களில் வைத்தால் அது எத்தனையோ தெருக்கள். ஒரே சம்பவம், இரண்டு படம். முதல் படத்தைப் பார்த்தால் லைசென்ஸும் கட்டடமும் கேள்வியாகும். இரண்டாவதைப் பார்த்தால் பிள்ளைகளின் படிப்பும் நஷ்டஈடும் கேள்வியாகும். இரண்டு கேள்வியும் வேண்டும்.

அன்றைக்கே சிவப்புப் படத்தை மடித்து வைத்துவிட்டேன். அக்காவை உட்கார வைத்து வேறு படம் ஆரம்பித்தேன். எங்கள் தெருவிலிருந்து யார் யார் எந்தப் பக்கம் வேலைக்குப் போகிறார்கள் என்ற ஓட்டப் படம். வேன் டிரைவர் அண்ணனிடம் வழி கேட்டுக்கொண்டேன். சைக்கிளில் போய்ப் பார்த்தேன். டோப்போஷீட்டை அடியில் வைத்து ஆறு, ரோடு, கோயில் மட்டும் டிரேஸ் எடுத்தேன். பேர் எழுதவில்லை. வீட்டுக்கு ஒரு புள்ளி, புள்ளியிலிருந்து வேலை இடத்துக்கு ஒரு கோடு. ஆள் கூடினால் கோடு தடிமன்.

கேட்டுப் போகும்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. எத்தனையோ வீட்டில், “உங்க பிள்ள எங்க வேலைக்குப் போகுது?” என்றால், “அந்தா, வேன்ல போறா” என்றுதான் பதில். எந்த ஊர்ப் பக்கம் என்று தாய்க்கே தெரியவில்லை. எங்கள் அம்மாவுக்கும் தெரியாது. தினமும் பத்து மணி நேரம் மகள் இருக்கிற இடம் தெரியாமல், சத்தம் கேட்டால் நாலு திசையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

படத்தைச் சுவரில் ஒட்டினேன். அம்மாவுக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஆனால் ஆறு, தேக்கம், அம்மன் கோயில் என்று காட்டியதும், “அப்ப இது நம்ம தெரு” என்று விரலை வைத்துவிட்டாள். அக்கா போகிற கோட்டை விரலாலேயே நீவிக்கொண்டு போனாள். “இம்புட்டுத் தூரமா?” என்றாள்.

சில மாசம் கழித்து ஒரு மத்தியானம் சத்தம் கேட்டது. பெரிய சத்தம். நான் வீட்டில் இருந்தேன். எல்லாரும் தெருவுக்கு ஓடினார்கள். “எந்தப் பக்கம், எந்தப் பக்கம்?” புகை தெரிந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து படத்தின் முன்னால் நின்றாள். தேக்கத்தில் ஒரு விரல், புகை வந்த பக்கம் ஒரு விரல்.

“நம்ம பிள்ள அந்தப் பக்கம் போகலய்யா” என்றாள். மூச்சு வந்தது.

நான் திரும்பினேன். அம்மா திரும்பவில்லை. விரல் படத்திலேயே இருந்தது. அந்தப் பக்கம் இன்னொரு கோடு போயிருந்தது, மூன்று வீடு தள்ளி ஒரு புள்ளியிலிருந்து. “கீழ வீட்டுப் பிள்ள அந்தப் பக்கந்தான் போகுது” என்று சொல்லிக்கொண்டே செருப்புக்கூடப் போடாமல் அந்த வீட்டுக்குப் போய்விட்டாள். சாயங்காலம் அந்தப் பிள்ளை வேனிலிருந்து இறங்குகிற வரைக்கும் அந்தத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

அன்று எங்கள் தெருவில் யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் இன்னொரு ஊரில் வேறொரு தெருவில் ஒரு வாசலில் புள்ளி விழுந்திருக்கும். அந்தப் புள்ளி என் படத்தில் இல்லை. என் படம் எங்கள் தெருவோடு முடிந்துவிடுகிறது.

நீங்களும் போடலாம்

நண்பர்களே, கூகுள் மேப் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். கூகுள் மேப் போகிற வழியைச் சொல்லும். உங்கள் ஊரில் எந்தக் கிணறு உப்புக் கரிக்கிறது, எந்தத் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் கடைசியில் வருகிறது என்பதை நீங்கள் போட்டால்தான் உண்டு. ஒரு லீவில் போட்டுவிடலாம். முறை இதுதான்:

ஒரே ஒரு கேள்வியை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு கேள்வி என்றால் இரண்டு படம்.

அடிப்படம் எளிமையாக இருக்கட்டும். உங்கள் பாட்டிக்கு அடையாளம் தெரிகிற இடங்கள் அதில் கட்டாயம் இருக்கவேண்டும்.

மொத்த எண்ணிக்கை என்றால் வட்டமோ புள்ளியோ, விகிதம் என்றால் நிறம், தொடர்ந்து மாறுவது என்றால் சமக்கோடு, போவது வருவது என்றால் ஓட்டக் கோடு. இதை மாற்றிப் போட்டால் படம் அழகாக இருக்கும், அர்த்தம் தப்பாகும்.

தலைப்பு, அளவு, வடக்கு, குறிப்பு விளக்கம், விவரம் எங்கே கிடைத்தது, எந்தத் தேதி – இந்த ஆறும் இல்லாத படத்தை நம்பாதீர்கள், நீங்கள் போட்டதாக இருந்தாலும்.

யாருடைய வீட்டைக் குறிக்கிறீர்களோ அவர்களிடம் கேட்டுக் குறியுங்கள். பேர் வேண்டாம்.

கம்ப்யூட்டர் துறை நண்பர்கள் ‘க்யூஜிஐஎஸ்’ என்ற இலவச மென்பொருளில் இதையே செய்யலாம். இஸ்ரோவின் ‘புவன்’ தளத்தில் செயற்கைக்கோள் படங்களையும் பார்க்கலாம்.

கடைசியாக, படத்தை முடித்ததும் சுவரில் ஒட்டி, யாரைப் பற்றிய படமோ அவர்களையே கூப்பிட்டுக் காட்டுங்கள். என் படத்தில் இருந்த பெரிய தப்பைக் கண்டுபிடித்தது எட்டாவது வரை படித்த என் அக்கா.

படம் யார் உயிரையும் காப்பாற்றிவிடாது. பாதுகாப்பு என்பது ஒரு ரூமில் எத்தனை பேர் உட்காருகிறார்கள், எவ்வளவு மருந்து வைக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. அதைச் சட்டம் சொல்கிறது, அதை நடத்தவேண்டியவர்கள் நடத்தவேண்டும். ஆனால் எங்கே கேட்கவேண்டும், யாருக்காகக் கேட்கவேண்டும், யார் வீட்டுக்கு முதலில் ஓடவேண்டும் என்பதைப் படம் சொல்லும்.

நாளைக்கு நாம் ரோடு போடப் போகிறோம், குழாய் பதிக்கப் போகிறோம், சிலர் பட்டாசு ஆபீஸிலேயே சூப்பர்வைசராகப் போகிறோம். எந்த வேலைக்குப் போனாலும் முதலில் ‘எந்தப் பக்கம்?’ என்று கேட்டு ஒரு படம் போட்டுப் பாருங்கள். அதில் தனியாக நிற்கிற புள்ளி ஒன்று கண்ணில் பட்டால், அந்த வாசல் வரை போய் விசாரித்துவிட்டு வாருங்கள்.

– இறுதியாண்டு மாணவன், சிவில் துறை